மில் சிறிது, மல் பெரிது: உயிரொலியின் அகலத்தைத் தேடிய வரலாறு

1929ஆம் ஆண்டு எட்வர்ட் சபீர் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அமெரிக்கப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்து புகழ்பெற்றிருந்த அவர் அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். கட்டுரை வெளிவந்ததோ சோதனை உளவியலுக்கான இதழொன்றில். அதன் அடிப்படை மிக எளிது. ‘மில்’, ‘மல்’ என இரண்டு சொற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் மேசையைக் குறிக்கின்றன. ஒன்று பெரிய மேசை, மற்றொன்று சிறிய மேசை. எது பெரியது? 500 பேர் விடையளித்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்த உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள். மிகச் சிலர் சீனர்கள். ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ‘மல்’தான் பெரிய மேசை என்றனர்.

அவர்கள் எந்த மேசையையும் கண்ணால் காணவில்லை. இரண்டு சொற்களிலும் மெய்யொலிகள் ஒன்றே. வேறுபடுவது ஓர் உயிரொலி மட்டும். அப்படியாயின் அந்தப் பெருமையும் சிறுமையும் எங்கிருந்து வந்தன? எழுத்திலிருந்தா, வாயிலிருந்தா, செவியிலிருந்தா, கேட்பவர் பழகிய மொழியின் சொற்களிலிருந்தா? ஒலியியல் படிக்கும் மாணவர்களுக்கு இன்று இது பாடநூலின் ஒரு பத்தியில் முடிந்துவிடும் செய்தி. ஆனால் இந்த வினாவுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. உயிரொலியின் அகலத்தை ஒவ்வொரு காலத்தவரும் ஒவ்வோர் இடத்தில் கண்டார்கள். அதுவரை யாரும் வினவாத ஒரு மொழியினரின் செவி விவாதத்துக்குள் வந்தபோது, உறுதியென்று கருதப்பட்ட விடை அசைந்தது.

தொடக்கம் கிரேக்கத்தில். பிளேட்டோவின் ‘கிராட்டிலஸ்’ என்னும் உரையாடலில் பெயர்கள் இயற்கையாக அமைந்தவையா, வழக்கத்தால் அமைந்தவையா என்பதே விவாதப் பொருள். கிராட்டிலஸ் இயற்கைக் கட்சி. ஹெர்மோஜெனிஸ் வழக்குக் கட்சி. நம் இலக்கண மரபின் சொற்களில் கூறுவதாயின் காரணப்பெயருக்கும் இடுகுறிப்பெயருக்கும் இடையிலான வழக்கு இது. இடையில் நின்று வினவும் சாக்ரட்டீஸ் ஒரு கட்டத்தில் எழுத்துகளின் இயல்புகளை ஒன்றொன்றாக எடுத்துரைக்கிறார். இகர ஒலி நுண்ணியவற்றுக்கும் எதனூடும் எளிதில் புகுந்து செல்பவற்றுக்கும் ஏற்றது. ஆகார ஒலி பெரியவற்றுக்கு உரியது. நெட்டேகாரம் நீளத்துக்கும், ஒகரம் உருண்டைத் தன்மைக்கும் பொருந்துவன. சபீரின் மேசைகள் இரண்டும் இங்கேயே ஒருவகையில் இடம்பெற்றுவிட்டன என்று சொல்லலாம்.

ஆனால் இவ்வுரையாடலை ஒலிக்குறியீட்டுக் கொள்கையின் தொடக்க நூல் என்று மட்டும் கூறுவோர் அதன் அடுத்த பகுதியை விட்டுவிடுகின்றனர். சாக்ரட்டீஸ் தாம் கட்டியதைத் தாமே சோதிக்கிறார். ‘கடினம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் நடுவே மென்மைக்கு உரியதாக அவர் கூறிய லகரம் நிற்கிறது. அப்படியிருந்தும் அச்சொல்லைக் கேட்டவுடன் கடினம் என்று நாம் புரிந்துகொள்கிறோமே, அது எப்படி? பழக்கத்தால்தான் என்று கிராட்டிலஸே ஒப்புக்கொள்ள நேர்கிறது. ஒலி ஒரு பக்கம் இழுக்கும்போதும் வழக்கு பொருளைக் காத்துவிடுகிறது. இயற்கையான சாய்வும் உண்டு, அதை மீறும் வழக்கும் உண்டு என்னும் இந்த இருநிலை பின்வந்த ஆய்வுகள் அனைத்திலும் தொடர்கிறது. சொற்பொருளின் காரணம் எடுத்தவுடன் தெற்றெனத் தோன்றாது என்று தொல்காப்பியம் உரியியலில் கூறுவதும் இதற்கு அண்மையில் நிற்கும் ஒரு தெளிவுதான். காரணம் இல்லை என்று அது சொல்லவில்லை. வெளிப்படத் தோன்றாது என்றே சொல்கிறது.

பல நூற்றாண்டுகள் கழித்து இக்கருத்து அணியிலக்கணத்தில் தலைகாட்டுகிறது. உருசிய அறிஞர் மிகயீல் லொமனோசவ் 1748இல் வெளியிட்ட சொல்வன்மை நூலில், பேருருவையும் பெருவெளியையும் ஆழத்தையும் உயரத்தையும் சித்திரிக்க அகர ஒலியை மிகுதியாகப் பயன்படுத்தலாம் என்றும், மென்மையையும் சிறிய பொருள்களையும் காட்ட எகர இகர ஒலிகள் உதவும் என்றும் அறிவுறுத்தினார். இங்கே அகரம் பெரிய பொருளைக் குறிப்பதோடு நிற்காமல் வெளியையே குறிக்கிறது. உயிரொலிக்கு இடப்பரப்பு உண்டு என்னும் எண்ணம் இவ்வளவு வெளிப்படையாக இடம்பெறும் பழைய நூல்களுள் இதுவும் ஒன்று. ஆனால் இது எழுதுவோருக்கான அறிவுரை. கேட்பவர் உண்மையிலேயே அப்படித்தான் உணர்கிறாரா என்று லொமனோசவ் எவரையும் கேட்டுப் பார்க்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் மொழியியலாளரும் கேட்கவில்லை. அவர்கள் சொற்களைத் திரட்டினார்கள். ஜெர்மானிய அறிஞர் கேயோர்க் ஃபான் டெர் காபெலென்ட்ஸ், சொற்களைத் தானே படைத்துக்கொண்ட ஒரு குழந்தையைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அக்குழந்தை பொம்மை நாற்காலிக்கு இகரம் அமைந்த சொல்லையும், பெரிய கைவைத்த நாற்காலிக்கு உகரம் அமைந்த சொல்லையும் வழங்கியதாம், மெய்யொலிகளில் மாற்றமில்லை. டேனிஷ் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1922இல் இகரத்தின் குறியீட்டு மதிப்பைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். சிறுமை, மென்மை, குழந்தைமை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களிலும் விகுதிகளிலும் இகரம் பயில்வதைப் பல மொழிகளிலிருந்து எடுத்துக்காட்டினார். யெஸ்பர்சன் நேர்மையானவர். ஆங்கிலத்தில் ‘பெரிய’ என்று பொருள்படும் ‘பிக்’ என்னும் சொல்லில் இகரமும், ‘சிறிய’ என்று பொருள்படும் ‘ஸ்மால்’ என்னும் சொல்லில் அகன்ற உயிரும் இருப்பதை அவர் மறைக்கவில்லை. இகரம் எங்கும் எப்போதும் சிறுமையையே குறிக்கும் என்பது தம் வாதமன்று என்றும் தெளிவுபடுத்தினார்.

எனினும் திரட்டும் முறையிலேயே ஓர் இடர் உண்டு. தமிழிலிருந்து ஒரு பட்டியலை எவரும் சில நிமிடங்களில் அமைத்துவிடலாம். சிறு, சின்ன, சிட்டு, இம்மி, சில் என்று அடுக்கினால் இகரம் சிறுமைக்கே பிறந்தது போலத் தோன்றும். குறு, நுண், துளி, தூசு, கடுகு, அணு என்று அடுக்கினால் அத்தோற்றம் கலைந்துவிடும். வானத்தையும் கடலையும் மலையையும் அகரத்துக்குச் சான்றாகக் காட்டுபவர், அதே மலையைக் குறிக்கும் கிரியையும் குன்றையும் பட்டியலில் சேர்ப்பதில்லை. நமக்கு வேண்டிய சான்றுகளை மட்டும் நினைவு எடுத்துத் தருகிறது. 1916இல் அச்சேறிய சசூரின் விரிவுரைகள் சொல்லின் இடுகுறித்தன்மையை மொழியியலின் முதற்கொள்கையாக நிறுத்தியபோது, இத்தகைய பட்டியல்கள் ஆர்வலரின் சேகரிப்பு என்ற அளவுக்கு ஒதுக்கப்பட்டதில் வியப்பில்லை.

இதே காலத்தில், மொழியோடு தொடர்பில்லாத வேறொரு துறையில், ஒலியின் பருமன் பற்றிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. வானொலியின் ‘வால்யூம்’ என்றால் இன்று நமக்கு ஒலியின் உரப்பு. அன்றைய உளவியலில் அச்சொல் வேறொன்றைக் குறித்தது. ஓர் ஒலி எவ்வளவு உரத்துக் கேட்கிறது என்பதும், எவ்வளவு பெரிதாகப் பரந்து கேட்கிறது என்பதும் ஒன்றல்ல என்று அவர்கள் கருதினர். வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில் எல்லாப் புலன் உணர்வுகளுக்கும் ஒருவகைப் பருமன் உண்டு என்றார். இடிமுழக்கம் பரந்து விரிந்தது. சிலேட்டுக் குச்சியின் கீச்சொலி மெலிந்தது. கார்ல் ஸ்டும்ப் 1883இலும் 1890இலும் வெளியிட்ட இசை உளவியல் தொகுதிகளில், தாழ்ந்த சுருதிகள் பரந்தும் உயர்ந்த சுருதிகள் குறுகியும் உணரப்படுவதை விரிவாக ஆராய்ந்தார்.

ஸ்டும்ப்பின் மாணவரான வொல்ஃப்காங் கோலர் இச்சிந்தனையை உயிரொலிகளுக்கு அருகே கொண்டுவந்தார். 1910களில் அவர் வெளியிட்ட ஆய்வுகளில், தூய தொனிகளே உயிரொலிகளின் சாயலைக் கொண்டிருப்பதாகக் கூறினார். ஏறத்தாழ 260 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கும் தொனி உகரம் போலக் கேட்கும். அங்கிருந்து ஒவ்வொரு ஸ்தாயியாக மேலேறினால் ஓகாரம், ஆகாரம், ஏகாரம் வழியாக ஈகாரத்தை அடையலாம். இவ்வளவு துல்லியமான ஸ்தாயி ஒழுங்கைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஆனால் உகரத்தின் கீழ்த்தன்மையும் ஈகாரத்தின் மேல்தன்மையும் மறுக்கப்படவில்லை. தாழ்ந்த தொனி பரந்தது என்பதையும், உகரமும் ஓகாரமும் தாழ்ந்த தொனியின் சாயலுடையவை என்பதையும் இணைத்தால், உயிரொலிகளுக்கும் அகலம் உண்டு என்பது தானே வந்துசேரும்.

பருமனை அளக்கவும் முயன்றனர். ஹார்வர்டில் பணியாற்றிய எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1934இல் தொனிகளின் பருமனையும் செறிவையும் பற்றிய ஆய்வை வெளியிட்டார். வெவ்வேறு சுருதியுள்ள இரண்டு தொனிகளைக் கேட்பவர், அவை ஒரே பருமனுடையனவாகத் தோன்றும்வரை ஒன்றின் செறிவைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். உயர்ந்த சுருதி தாழ்ந்த சுருதிக்கு இணையான பருமனைப் பெற வேண்டுமாயின் அதன் செறிவு கூட்டப்பட வேண்டியிருந்தது. கேட்பவர்கள் பருமன் என்று எதையோ ஒழுங்காகவே கேட்கிறார்கள் என்பது இதனால் உறுதியாயிற்று. உட்செவிச் சவ்வில் தாழ்ந்த அதிர்வெண்களின் அலை நெடுந்தொலைவு செல்வதை கேயோர்க் ஃபான் பெக்கேஷி காட்டியது, இவ்வுணர்வுக்கு உடலியல் அடிப்படை இருக்கலாம் என்னும் எண்ணத்துக்கு இடமளித்தது. ஆயினும் சுருதியும் உரப்பும் பாடநூல்களில் நிலைபெற்றதுபோலப் பருமன் நிலைபெறவில்லை.

சபீரின் 1929ஆம் ஆண்டுக் கட்டுரையை இப்பின்னணியில் படித்தால்தான் அதன் முழுப்பொருள் விளங்கும். தம் முடிவுக்கு அவர் இரண்டு விளக்கங்களை முன்வைத்தார். ஒன்று, சில உயிரொலிகளுக்கு இயல்பாகவே பருமன் மிகுதியாக இருக்கலாம். அவர் கையாண்ட சொல் உளவியலாரின் அதே சொல். மற்றொன்று, ஒலிக்கும்போது நாவின் நிலையைப் பேசுபவர் தம்மையறியாமல் உணர்ந்திருக்கலாம். இகரத்தில் நா மேலண்ணத்தை நோக்கி உயர்ந்து முன்னே நிற்பதால் காற்று குறுகிய அறை வழியே செல்கிறது. அகரத்தில் நா தாழ்ந்து அறை அகலமாகிறது. முதல் விளக்கத்தில் அகலம் செவியில் இருக்கிறது; இரண்டாவதில் வாயில் இருக்கிறது. எது சரி என்று சபீர் தீர்ப்பு வழங்கவில்லை. இரண்டு உயிர்களுக்கும் இடையிலான ஒலித்தொலைவு குறையக் குறையக் கேட்பவரின் உறுதியும் குறைவதை மட்டும் அவர் காட்டினார். இதுவே அவருடைய முக்கியமான பங்களிப்பு. அகராதியைப் புரட்டுவதை விடுத்து, கேட்பவரிடம் நேரே வினவும் வழியை மொழியியலுக்கு அவர் அறிமுகப்படுத்தினார்.

நான்கு ஆண்டுகளில் மறுசோதனை வந்தது. சபீரின் மாணவர் ஸ்டான்லி நியூமன் 1933இல் பெருமை சிறுமை அளவுகோலோடு ஒளி இருள் என்னும் அளவுகோலையும் சேர்த்துச் சோதித்தார். உயிரொலிகள் நாவின் நிலையையும் ஒத்திசைவின் அதிர்வெண்ணையும் ஒட்டி ஓர் ஒழுங்கில் அமைந்தன. பின்னர் அவர் ரோஜட்டின் ஆங்கிலச் சொற்களஞ்சியத்திலிருந்து அளவு குறித்த சொற்களை எடுத்து ஆராய்ந்தார். அங்கே அவ்வொழுங்கு காணப்படவில்லை. கேட்பவரின் செவியில் இருந்தது அவர் மொழியின் சொற்களில் இல்லை! அதே ஆண்டில் பென்ட்லியும் வாரனும் வேறொரு தடையை எழுப்பினர். பெரிதா சிறிதா என்று நாமே கேட்பதால்தான் அளவு பற்றிய விடை வருகிறது. தன்னிச்சையாகத் தோன்றுவதைச் சொல்லுங்கள் என்றால் அளவு அவ்வளவாக வெளிப்படுவதில்லை என்றனர். நியூமனின் எதிர்மறை முடிவு நெடுங்காலம் நின்றது. 2021இல் போடோ வின்டரும் மார்கஸ் பெர்ல்மனும் புதிய புள்ளியியல் முறைகளோடு ஆராய்ந்து, ஆங்கிலத்தில் அளவைக் குறிக்கும் பெயரடைகளில் இத்தொடர்பு உண்டு, பொதுச் சொற்களில் இல்லை என்று காட்டினர். எந்தச் சொற்களை எண்ணுகிறோம் என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி, செவியா வாயா என்னும் வினாவுக்குத் திரும்புவோம். 1952இல் பெல் ஆய்வகத்தின் பீட்டர்சனும் பார்னியும் ஆங்கில உயிரொலிகளின் ஃபார்மன்ட்களை, அதாவது வாயறையின் ஒத்திசைவால் வலுப்பெறும் அதிர்வெண் பகுதிகளை, அளந்து வெளியிட்டனர். ஆண் குரல்களின் சராசரியில் ஈகாரத்தின் முதல் ஃபார்மன்ட் 270 ஹெர்ட்ஸ், இரண்டாவது 2290 ஹெர்ட்ஸ். ஆகாரத்துக்கு முறையே 730, 1090. ஊகாரத்துக்கு 300, 870. இவ்வெண்களை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாழ்ந்த அதிர்வெண் பரந்தது என்று கொண்டு இரண்டாவது ஃபார்மன்டை நோக்கினால் ஊகாரம் மிகப் பரந்தது, ஈகாரம் மிகக் குறுகியது. முதலாவதை நோக்கினால் ஈகாரமும் ஊகாரமும் பரந்தவை, ஆகாரமே குறுகியது. வாய்த்திறப்பை அளவாகக் கொண்டாலோ ஆகாரம் பெரியது. இதழ் குவிந்து ஒலிக்கும் ஊகாரம் சிறியது. இகரம், அகரம் இரண்டை மட்டும் ஒப்பிடும்வரை செவிக் கொள்கையும் வாய்க் கொள்கையும் ஒன்றையே சொல்வதுபோல இருந்தன. உகரத்தை நடுவே நிறுத்தியதும் அவை பிரிந்துவிடுகின்றன.

உயிரொலிகளின் பிறப்பைக் கூறும்போது தொல்காப்பியம் அங்காத்தல், நாவிளிம்பு பல்லைச் சாரல், இதழ் குவிதல் என மூன்று வகுப்புகள் வைத்ததை இங்கு நினைவுகொள்ளலாம். மூன்று மூலைகளும் அங்கே சரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குப் பெருமை சிறுமை என்னும் பொருள் ஏற்றப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

1994இல் வந்தது பெரிய திருப்பம். லீன் ஹின்டன், ஜோஹன்னா நிக்கல்ஸ், ஜான் ஓஹாலா ஆகியோர் பதிப்பித்த ஒலிக்குறியீட்டுத் தொகுப்பில் ஜெரார்ட் டிஃப்லோத் ஒரு கட்டுரை எழுதினார். இகரம் பெரிது, அகரம் சிறிது என்பதே அதன் தலைப்பின் பொருள். வியட்நாமில் பேசப்படும் பானார் என்னும் ஆஸ்திரோ-ஆசிய மொழியின் ஒலிக்குறிப்புச் சொற்களில், மேலுயிர்கள் பெரியவற்றையும் கீழுயிர்கள் சிறியவற்றையும் காட்டுகின்றன. சபீரின் மேசைகள் இரண்டும் இடம் மாறிவிட்டன. இதற்கு டிஃப்லோத் தந்த விளக்கம் இன்னும் சிந்திக்க வைப்பது. இகரத்தை ஒலிக்கும்போது வாயில் எஞ்சும் வெற்றிடம் சிறியது என்பது உண்மை. அந்த இடத்தை நிரப்பி நிற்கும் நா பெரியது என்பதும் உண்மை. ஒரு மொழியினர் அறையின் வெற்றிடத்தை உணர்கின்றனர். மற்றொரு மொழியினர் அறையை நிரப்பிய உடலை உணர்கின்றனர். வாய் ஒன்றுதான், அதிலிருந்து பெறும் அளவுகள் இரண்டு. ஆகவே எதிரான ஒழுங்கும் இயற்கைக்கு மாறானதன்று.

பானார் தனித்து நிற்கவில்லை. கொரிய மொழியின் ஒலிக்குறிப்புச் சொற்களில் ஆகார ஓகார வகுப்பு சிறுமையையும் இலேசையும், ஊகார வகுப்பு பெருமையையும் கனத்தையும் காட்டுவது நெடுநாளாக அறியப்பட்டது. சிற்றோடையின் சலசலப்பு ‘ஜோல்ஜோல்’. அதைவிட மிகுதியாகப் பாயும் நீர் ‘ஜூல்ஜூல்’.

மறுபக்கத்தில், உடலியல் சார்ந்த பொதுமைக் கொள்கையும் வலுப்பெற்றது. யூஜின் மார்ட்டன் 1977இல் பறவைகளும் பாலூட்டிகளும் பகைமையில் தாழ்ந்த கரகரப்பான ஒலியையும் பணிவில் உயர்ந்த தெளிந்த ஒலியையும் எழுப்புவதைத் தொகுத்துக் காட்டினார். பேருடல் தாழ்ந்து ஒலிக்கும், சிற்றுடல் உயர்ந்து ஒலிக்கும் என்னும் இயற்பியல் உண்மை இதன் அடி. ஓஹாலா இதையே மனித மொழிக்கு விரித்து அதிர்வெண் குறியீடு என்னும் கொள்கையை உருவாக்கினார். டெகம்சே ஃபிட்ச் 1997இல் ரீசஸ் குரங்குகளின் உடலளவுக்கும் அவற்றின் குரலில் ஃபார்மன்ட்கள் விலகி நிற்கும் அளவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று அளந்து காட்டினார். மார்செலா பேன்யா, ஜாக் மெலர், மரினா நெஸ்போர் ஆகியோர் 2011இல், ஸ்பானிய மொழிச் சூழலில் வளரும் நான்கு மாதக் குழந்தைகள் அகர ஒகர அசைகளைக் கேட்கையில் பெரிய உருவத்தையும் இகர எகர அசைகளைக் கேட்கையில் சிறிய உருவத்தையும் நோக்குவதாகத் தெரிவித்தனர். டமியான் பிளாசி குழுவினர் 2016இல் ஆயிரக்கணக்கான மொழிகளின் அடிப்படைச் சொற்பட்டியல்களை ஆராய்ந்தபோது, ‘சிறிய’ என்னும் பொருளுக்கும் இகரத்துக்கும் உள்ள தொடர்பு புள்ளியியல் சாய்வாக வெளிப்பட்டது.

இச்சான்றுகளைப் பானார், கொரியச் சான்றுகளோடு சேர்த்து நிறுத்தினால் சாக்ரட்டீஸின் இருநிலைக்கே மீண்டும் வருகிறோம். பொதுவான சாய்வு ஒன்று இருக்கிறது. அதைத் தன் ஒழுங்குக்குள் மாற்றி அமைத்துக்கொள்ளும் ஆற்றல் ஒவ்வொரு மொழிக்கும் இருக்கிறது. முதலாவதை மட்டும் கண்டவர்கள் மொழியை இயற்கையின் எதிரொலியாக்கினர்; இரண்டாவதை மட்டும் கண்டவர்கள் கேட்பவரின் உடலை மறந்தனர்.

இவ்வரலாற்றில் இந்தியச் செவிகள் எங்கே என்னும் கேள்வி எஞ்சுகிறது. சொற்களைப் பொறுத்தவரை நம் பங்கு சிறிதன்று. திராவிட மொழிகளில் ஒழுங்கான ஒலிமாற்றங்களுக்கு ஒலிக்குறிப்புச் சொற்கள் உட்படாமல் நிற்பதை இ. அண்ணாமலை 1968இல் எடுத்துக்காட்டினார். மரே எமனோ 1969இல் ஒலிக்குறிப்புச் சொற்களின் அமைப்பை இந்தியா ஒரு மொழிப் பரப்பு என்பதற்கான சான்றுகளுள் ஒன்றாக முன்வைத்தார். பானார் சேர்ந்த அதே ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தின் முண்டா மொழிகளும் காசி மொழியும் ஜார்கண்டிலும் ஒடிசாவிலும் மேகாலயாவிலும் பேசப்படுகின்றன. டிஃப்லோத்தின் வினாவைத் தொடர்வதற்கு இவற்றைவிடப் பொருத்தமான களம் எளிதில் கிடைக்காது. இம்மொழிகளுள் சில பேசுவோரை இழந்துவருகின்றன. ஒரு மொழி வழக்கொழியும்போது சொற்பட்டியல் ஏட்டில் எஞ்சலாம். இது பெரிதாகக் கேட்கிறதா, சிறிதாகக் கேட்கிறதா என்று வினவுவதற்கான செவி எஞ்சாது.

சோதனையை அப்படியே இங்கு இறக்குமதி செய்யவும் இயலாது. தமிழ் மாணவர் ஒருவரிடம் ‘மில்’, ‘மல்’ என்று கேட்டால் அவை வெற்று ஒலிகள் அல்ல. மில் என்றால் அவருக்குப் புகைபோக்கி உயர்ந்த பஞ்சாலை. மல் என்றால் வலிமை. மல்லனும் மற்போரும் உடன் வருவர். நீட்டி ‘மால்’ என்றாலோ பெருமையும் திருமாலும் முதலில் வருவர். நகரத்தில் வளர்ந்தவருக்கு அடுக்குமாடி வணிக வளாகமும் வரும். எழுத்தும் குறுக்கிடும். உரோமன் எழுத்தில் இகரம் ஒற்றைக் கோடு, கண்ணுக்கே மெலிந்தது. தமிழில் ‘இ’ சுழித்து அகன்று நிற்பது. எழுத்தின் வடிவம் கேட்பவரின் தீர்ப்பை எவ்வளவு வளைக்கிறது என்பதைப் பிரித்தறிய, பல எழுத்துமுறைகள் அருகருகே வழங்கும் இந்நாட்டைவிட ஏற்ற இடம் அரிது. இது, அது, உது என்று மூன்று மூலை உயிர்களையும் சுட்டுக்கு வைத்த தமிழில், அண்மை சேய்மை உணர்வும் அளவுணர்வோடு கலக்கக்கூடும். இவற்றையெல்லாம் பிரித்து அளக்கும் சோதனையை, இம்மொழிகளுக்குள் வாழ்பவரே வடிவமைக்க முடியும்.

தம் மொழியின் ஒவ்வோர் எழுத்தும் இயற்கையாகவே பொருளுடையது என்னும் பெருமிதக் கூற்றுகள் சமூக ஊடகங்களில் எல்லா மொழியினரிடமும் உலவுகின்றன. அவற்றை மறுப்பவர்கள் சசூரின் பெயரைச் சொல்லி உரையாடலை முடித்துவிடுகின்றனர். இரு சாராரும் எவரிடமும் எதையும் கேட்டுப் பார்ப்பதில்லை. ஒலியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் தம் வகுப்பில் உள்ள மொழிகளுக்கு ஏற்ற பொருளற்ற சொல் இணைகளை மாணவர்களைக் கொண்டே அமைத்து, மாணவர்களின் தாய்மொழியையும் எழுத்தறிவையும் குறித்துக்கொண்டு, இகரம் அகரத்தோடு உகரத்தையும் சேர்த்து வினவலாம். ஒரு பருவத்தில் முடிக்கத்தக்க பணி இது. முடிவு எப்படி வந்தாலும் பயனுண்டு. சிகாகோவின் பள்ளி மாணவர்கள் 1929இல் கேட்டதை சந்தாலியோ குருக்கோ தமிழோ பேசும் மாணவர்களும் கேட்கிறார்களா என்பதை, அந்த மாணவர்களிடமிருந்தே நாம் தெரிந்துகொள்வோம்.